கேமராவுக்குப் பக்கத்தில் ஒருத்தி

சித்தியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளச் சொல்லி இந்த வாரமும் வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர், 'அந்த அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் சரிசெய்து தருகிறேன்' என்று கேட்டிருக்கிறார். பொறுமை, தாயே. எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருக்கிறது. ஆனால் நடந்ததைத்தானே நான் சொல்ல முடியும்?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் போஸ்டரில் முகம் தெரிந்தாலே கொட்டகை நிரம்பிய நடிகை, இப்போது வயதாகி, தன் தங்கையோடு, அதாவது நம் சித்தியோடு, ஒரு பெரிய வீட்டில் இருக்கிறாள். அந்த நடிகையின் மகள் வேறு ஊரில், காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கடை தானாகத் தீப்பிடித்ததா, முதலாளியே கொளுத்திவிட்டு நஷ்டஈடு கேட்கிறாரா என்று மோப்பம் பிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்கப் பொய்யோடு புழங்குகிறவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் மூக்கு சும்மா இருக்குமா?

"என்னோடு வந்து இரு அம்மா" என்று அவள் போனில் கூப்பிடும்போதெல்லாம், அம்மா கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இந்த வீடுதான் சௌகரியம், நீ வீணா அலட்டிக்காதே" என்று சொல்வாள். வீணா அலட்டிக்காதே என்பது அம்மாவின் பேச்சே இல்லை. சித்தியின் பேச்சு.

அதனால்தான் மகள் பெட்டியோடு நேரில் வந்து இறங்கினாள். வந்த இடத்தில், நடைவழிக் கண்ணாடியில் அந்தக் காட்சியைப் பார்த்தாள். அம்மாவுக்கு எதிரே நின்ற சித்தியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அடுத்த நொடி அதே வார்த்தைகள் அம்மாவின் வாயிலிருந்து வந்தன.

அதுவரை இருந்தது சந்தேகம். இப்போது கண்ணால் கண்ட சாட்சியும் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் மகள் சீக்கிரமே எழுந்து, சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். டீத் தட்டோடு வந்த சித்தி அப்படியே நின்றாள்.

"அது நான் உக்கார்ற இடம்."

"எல்லாம் ஒரே மாதிரி நாற்காலிதானே சித்தி. இன்னிக்கு ஒரு நாள் நான் உக்காந்துக்கறேன்."

சித்தி தட்டை வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தால் அவள் உதடு அசைவது அம்மாவுக்குத் தெரியாது. மகள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"ராத்திரி நல்லாத் தூங்கினியாம்மா?"

அம்மா நிமிர்ந்தாள். மகளின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். எதற்கோ காத்திருப்பவள்போல் இருந்தாள்.

"தூக்கத்துக்கு என்ன குறைச்சல்?" என்று பிறகு சிரித்தாள்.

"நேத்து சாயங்காலம் நாம எங்க போனோம், சொல்லு பாக்கலாம்."

"அக்கா, டீ ஆறுது" என்றாள் சித்தி.

"நான் அம்மாவைக் கேட்டேன்."

"எங்க போனா என்ன? கூட யாரு வந்தாங்கறதுதானே முக்கியம்" என்றாள் அம்மா. அழகாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் தங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கும் பார்வை.

மகள் டீயைத் தள்ளி வைத்தாள். ஒரு ஊரே யாரைப் பார்க்கக் காத்துக் கிடந்ததோ, அவள் சொந்த வீட்டில் ஒரு வாய் டீக்கும் ஒரு வார்த்தைக்கும் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள்!

மொட்டை மாடிக்குப் போய்க் கணவனைப் போனில் பிடித்தாள்.

"என்ன, சித்தி மேல முத்திரை குத்தியாச்சா?" என்றான் அவன்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அம்மா சுயமா ஒரு வார்த்தை பேசறதில்ல. நான் ஹாஸ்டல்ல இருந்தப்பவே பாத்தேன். வர்ற லெட்டர் எல்லாம் சித்தி கையெழுத்து. கீழ கையெழுத்து மட்டும்தான் அம்மாவோடது."

"பிஸியான நடிகை. தங்கச்சி எழுதிக் கொடுத்திருப்பாங்க."

"இப்ப என்ன பிஸி? அம்மா எங்கூட வந்துட்டா இந்த வீட்டுல இவங்க அதிகாரம் போயிடும். அதான்."

"அதை நீயா முடிவு பண்ணாதே. அம்மாகிட்டயே கேளு."

"கேக்கத்தான் போறேன். சித்தி பக்கத்துல இல்லாம கேக்கப் போறேன்."

அதற்கு நேரம் தானாகவே வந்தது. அன்று காலை தொலைக்காட்சியிலிருந்து அம்மாவைப் பேட்டி எடுக்க வருவதாக ஏற்பாடு. பேட்டி எடுக்கும் பெண்ணும், கேமராக்காரரும், ஒயரும் விளக்குமாக வந்து கூடத்தை நிரப்பினார்கள். பேட்டிக்காரப் பெண்ணுக்கு அம்மாவைப் பார்க்கப் போகிற பரவசத்தில் வாய் ஓயவில்லை.

"எங்கம்மா இவங்களோட பைத்தியம் மேடம்! ஒரே படத்தை அத்தனை தடவை பாத்திருக்காங்க. உங்க சித்திதான் எங்களைக் கொஞ்சம் படுத்திட்டாங்க. கேள்வி எல்லாத்தையும் முன்னாடியே கேட்டு வாங்கிட்டாங்க. கேமரா பக்கத்துல தான் நிப்பேன்னு கண்டிஷன் வேற."

"அப்படியா?" என்றாள் மகள். உள்ளுக்குள் கோப்பில் இன்னொரு தாள் சேர்ந்தது.

சொன்னபடியே சித்தி வந்து நின்றாள். கேமராவுக்கு இடப்பக்கம், லென்ஸின் உயரத்துக்குத் தன் முகம் வரும்படி சின்ன ஸ்டூலைப் போட்டு, உட்கார்ந்து பார்த்து, எழுந்து, ஒரு சாண் நகர்த்தி, மறுபடி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, இடிக்குது" என்றார் கேமராக்காரர்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இதுதான் என் இடம்."

மகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சித்தி, ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்று நடைவழிக்குக் கூட்டிப் போனாள்.

"நீங்க உள்ள வர வேண்டாம்."

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடாதே கண்ணு. என்னைத் திட்டணும்னா பேட்டி முடிஞ்சதும் உக்காத்தி வெச்சுத் திட்டு. இப்ப விடு."

"பேட்டி அம்மாவுக்கு. அம்மா பேசட்டும்."

"பேசுவா. நான் இருந்தாப் பேசுவா."

குற்றவாளியே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது மகளுக்கு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சித்தி ஒருமுறை தட்டினாள். அப்புறம் சத்தமில்லை.

விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சம் பட்டதும் அம்மா மாறிப்போனதைப் பார்த்திருக்க வேண்டும்! கழுத்து நிமிர்ந்தது, தோள் இறங்கியது, கன்னத்தில் எங்கிருந்தோ ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது. சும்மாவா, பாதி வாழ்க்கையை அந்தச் சூட்டில் கழித்தவளாயிற்றே.

"சினிமாவுக்கு எப்படி வந்தீங்க?" என்று ஆரம்பித்தாள் பேட்டிக்காரப் பெண்.

"கூட்டத்துல நிக்க வந்தேன். கல்யாண சீன்ல கடைசி வரிசையில நானும் ஒருத்தி. விளக்கு சூட்டுல கதாநாயகி மயக்கம் போட்டு விழுந்துட்டா. டைரக்டருக்கோ அன்னிக்கே முடிச்சாகணும். அந்த உடுப்பு யாருக்கு அளவா இருக்கோ அவளைக் கூப்பிடுன்னார். வரிசையா போட்டுப் பாத்தாங்க. எனக்கும் சரியா இல்ல, ஆனா கிட்டத்தட்ட வந்துச்சு. முதுகுப் பக்கம் முழுக்க ஊசி குத்தி இழுத்துக் கட்டினாங்க. அதனாலதான் அந்தப் படத்துல நான் திரும்பவே மாட்டேன்! அதைப் பாத்துட்டு, ராஜகுமாரி மாதிரி விறைப்பா நிக்கறான்னு எழுதினாங்க. ஊசி குத்தும்னு பயந்து நின்னேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். சித்தி இல்லாமல் அம்மா எப்படிப் பேசுகிறாள்! ஒரு தடுமாற்றம் உண்டா? அந்தத் தாழ்ப்பாளை எப்போதோ போட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

"உங்க ஸ்பெஷலே அந்தப் பார்வைதான்" என்றாள் பேட்டிக்காரப் பெண். "வசனத்துக்கு முன்னாடி கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்துல பாப்பீங்க. ஒரு நொடி நிறுத்துவீங்க. அப்புறம்தான் பேசுவீங்க. அந்த மௌனத்தைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. எப்படிப் பிடிச்சீங்க அதை?"

"அதையும் சொல்லிட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

மறுபடி சிரிப்பு. கேமராக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"சரி, இப்ப உங்க பொழுது எப்படிப் போகுது? காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்களேன்."

அம்மாவின் பார்வை மெல்லக் கேமராவுக்கு இடப்பக்கம் போனது. அங்கே வெறும் ஸ்டூல்தான் இருந்தது.

அம்மா காத்திருந்தாள்.

"ஆஹா, அதே பார்வை" என்று முணுமுணுத்தபடி கேமராக்காரர் முகத்தை நெருக்கமாகப் பிடித்தார். ஆனால் அந்த ஒரு நொடி நீண்டது. இன்னும் நீண்டது. அம்மாவின் கண்கள் ஸ்டூலுக்கு மேலே, கீழே, விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் என்று தேடின. சட்டென்று மோவாய் உயர்ந்தது.

"நீதிபதி அவர்களே! ஏழையின் கண்ணீருக்கு இந்தச் சபையில் இடம் உண்டா, இல்லையா?"

"ஐயோ, புல்லரிக்குது!" என்று பேட்டிக்காரப் பெண் கைதட்டினாள். வேடிக்கைக்குப் பேசிக் காட்டுகிறாள் என்றே நினைத்துவிட்டாள். "அந்தக் கோர்ட் சீன்தானே? சூப்பர்மா. சரி, இப்ப நிஜமாச் சொல்லுங்க, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"கதவைத் திற. வெளியே மழையில் நிற்பவள் உன் மனைவி."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஒளிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மகள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"அம்மா..."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"யாருங்க இந்தப் பொண்ணு? புதுசா? வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க. டச்சப்புக்கு வந்தவன்னா கையில பஃப் எங்க?"

மகள் அந்த முகத்தில் நடிப்பைத் தேடினாள். வேறெதையும் அவள் இப்படி உயிரைக் கொடுத்துத் தேடியதில்லை. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார்கள், எதிராளி நம்பிவிட்டானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் அத்துப்படி. அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. வேலை தெரியாத ஒருத்தியைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெற்றவளுக்குத் தன்னைத் தெரியவில்லை.

"சூடு தாங்கல போல. கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். சித்தி கதவோடு கதவாக ஒட்டி நின்றிருந்தாள்.

"எவ்வளவு நாளா சித்தி?"

"மறதி கொஞ்ச வருஷமாத்தான். பழசெல்லாம் அப்படியே இருக்கு. நேத்து, இன்னிக்கு, பேரு, முகம், இதெல்லாம்தான் வழுக்குது. நான் வாயசைச்சாப் பிடிச்சுக்குவா."

"வாயசைக்கறது எப்படி அவளுக்கு அவ்வளவு பழக்கம்?"

சித்தி கதவை லேசாகச் சாத்தினாள்.

"அக்காவுக்குப் படிக்கத் தெரியாது கண்ணு."

"என்ன சொல்றீங்க? தினமும் பேப்பர் படிப்பாளே!"

"படம் பாப்பா. எப்ப பக்கத்தைத் திருப்பணும்னு நான் செருமுவேன்."

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சித்தி தணிந்த குரலில் சொன்னாள். அவர்கள் பிறந்த வீட்டில் ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. அக்கா வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்க வைத்தாள். படித்த தங்கை ராத்திரியெல்லாம் வசனத்தை வாசித்துக் காட்டி அக்காவுக்கு நெட்டுரு போடவைத்தாள். ஆனால் காலையில் செட்டுக்குப் போனதும் வசனத்தை மாற்றிவிடுவார்கள். நடிக்கும்போதே குரலும் பதிவான காலம், பக்கத்தில் நின்று சத்தமாக எடுத்துக்கொடுக்க முடியாது. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தங்கை வாயசைப்பாள். அக்கா அதைப் பார்ப்பாள், ஒரு நொடி நிறுத்துவாள், பேசுவாள்.

"பக்கம் பக்கமா எழுதினாங்களே, அந்த மௌனம்... அது நான் சொல்லி முடிக்கறதுக்காக அவ காத்திருந்தது" என்றாள் சித்தி.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. ஊருக்கே தெரிஞ்சாலும் தெரியட்டும், என் பொண்ணு முன்னாடி நான் வசனத்தை விடக் கூடாதுடின்னா. உன் வீட்டுக்கு வந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவியாம். பொய்யைக் கண்டுபிடிக்கறதுதானே என் பொண்ணு வேலைன்னு சிரிப்பா. அதுல ஒரு பெருமை அவளுக்கு."

மகளுக்கு வெட்கமாக இருந்தது. யாரைக் குற்றவாளி என்று நினைத்தாளோ, அவள்தான் அம்மாவின் மானத்தைக் காத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாசகிகளே, நீங்கள் எழுதியதையெல்லாம் நான் கிழித்துப் போட்டுவிட்டேன். நானும் உங்களோடு சேர்ந்து திட்டினவன்தான்.

"உள்ள வாங்க சித்தி. உங்க இடத்துல போய் உக்காருங்க."

"நீ?"

"எனக்குத்தான் வேலை கொடுத்துட்டாளே. பஃப் எங்க இருக்கு?"

மகள் பேட்டிக்காரப் பெண்ணிடம் போய், அந்த இரண்டு பதில்களையும் ஒளிபரப்ப வேண்டாம் என்று கேட்டாள். அவள் கேமராக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி மேடம்" என்றாள். அந்தப் பார்வை மகளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதைக் கிளற அது நேரமில்லை.

பவுடர் பஃப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் அருகே குனிந்தாள். நெற்றியிலும் மூக்கின் ஓரத்திலும் வேர்வையை மெல்ல ஒற்றினாள். அம்மா கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை மகள் தொட்டதே கிடையாது. சின்ன வயதில் மேக்கப் கலையும் என்பார்கள், அப்புறம் ஹாஸ்டல்.

"கை மெத்துன்னு இருக்கு உனக்கு. நல்லா வருவ" என்றாள் அம்மா.

பேட்டி மறுபடி ஆரம்பித்தது. சித்தியின் உதடுகள் அசைந்தன, அம்மா பேசினாள். காலையில் எழுவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, பழைய பாட்டுக் கேட்பது எல்லாம் வந்தது. எடுத்துக்கொடுத்தது நான்கு வார்த்தைதான். அதில் குறும்பையும் பெருமூச்சையும் சேர்த்தது அம்மா. சித்தி சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறாள் என்று நினைத்தோமே என்று மகளுக்குக் கஷ்டமாக இருந்தது. அருகில் நின்று பார்த்ததில் அவளுக்கும் சித்தியின் வாயைப் படிக்க வந்துவிட்டது.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி. இது நாங்க கொடுத்ததுல இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் பேட்டிக்காரப் பெண். "உங்க குடும்பத்தைப் பத்தி நீங்க எங்கயுமே பேசினதில்ல. குழந்தைங்க எத்தனை பேர்?"

சித்தியின் உதடுகள் உடனே அசைந்தன. 'ஒரே பொண்ணு.' மகளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அம்மாவும் பார்த்தாள். அந்த ஒரு நொடி நிறுத்தினாள்.

"ரெண்டு" என்றாள்.

சித்தி தலையை ஆட்டினாள். மறுபடி வாயசைத்தாள். 'ஒண்ணு. ஒரே பொண்ணு.'

"ரெண்டு பொண்ணு எனக்கு" என்றாள் அம்மா. தடுமாற்றமே இல்லை. கையை நீட்டி, பஃப் வைத்திருந்த கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். "இதோ நிக்கறாளே, இவ சின்னவ. காப்பீட்டு ஆபீஸ்ல வேலை. பொய் சொன்னா ஒரே நிமிஷத்துல பிடிச்சிடுவா. பெரிய கெட்டிக்காரி."

அம்மாவுக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது! அந்தக் கையை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகுதான், சின்னவ என்று அம்மா சொன்னது அவள் மனசில் ஏறியது.

மறதியில் உளறுகிறாளா? ஆனால் பழசெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சற்றுமுன் சித்திதானே சொன்னாள்?

"அப்ப பெரியவங்க?" என்று பேட்டிக்காரப் பெண் ஆவலாக முன்னால் சாய்ந்தாள்.

அம்மா வழக்கம்போல் கேமராவுக்கு இடப்பக்கம் பார்த்தாள். சித்தியின் உதடுகள் இறுக மூடியிருந்தன. சற்றுமுன்தான் மனசாரக் கும்பிட்ட அந்த முகத்தை, மகள் மறுபடி பழைய கண்ணால் பார்த்தாள்.

அம்மா காத்திருந்து பார்த்தாள். வசனம் வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொல்லேன்டி" என்றாள், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. "குழந்தையை நீதானே தூக்கிட்டுப் போனே?"